குளவி வந்தால் குப்புறப் படு

வெள்ளிக்கிழமைக் காலைகளில் என் மகளுக்குக் கிழிசல் உடுப்பாகத் தேடிப் போட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் கடிதம் வந்தது. பழைய உடுப்பு, பழைய சப்பாத்து, மழைக்கோட்டு ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை சேறும் சகதியுமாகத்தான் வீடு திரும்பும், கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். எங்களிடம் பழைய உடுப்பு என்று ஒன்றுமே இருக்கவில்லை. நாட்டை விட்டு வரும்போது ஹட்டன் கடையில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி அடுக்கிக்கொண்டு, பழையதை அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இருந்ததில் கொஞ்சம் நிறம் மங்கிய சட்டையொன்றை எடுத்தேன். கை சும்மா இருக்குமா, அதை அயர்ன் பண்ணித்தான் போட்டுவிட்டேன். சேற்றில் புரள்வதற்கு மடிப்புக் கலையாத சட்டையோடு போன ஒரே பிள்ளை அன்றைக்கு என்னுடையவளாகத்தான் இருந்திருப்பாள்.

இந்த வகுப்புக்கு ஃபாரஸ்ட் ஸ்கூல் என்று பெயர். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊர். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன், கணவர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். மகள் கவிஷாவுக்கு ஏழு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு சின்னக் காடு இருக்கிறது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிள்ளைகளுக்கு அங்கேதான் பாடம். கூரையும் இல்லை, கரும்பலகையும் இல்லை. மரக்கட்டைகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறார்கள். சுள்ளி பொறுக்குகிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள், மரம் ஏறுகிறார்கள், கல்லைப் புரட்டி அதன் அடியில் இருக்கும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். இதற்கென்று தனியாகப் படித்து அத்தாட்சி வாங்கிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரை மிஸ் கார்ட்டர் என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். சுள்ளி பொறுக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு அத்தாட்சியா என்று கேட்டு நானும் கணவரும் முதல் வாரம் முழுவதும் சிரித்தோம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. கந்தப்பளைக்கு மேலே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தேயிலை மலை வழியாக இறங்கி வர வேண்டும். அம்மா எங்களுக்குச் சப்பாத்தைப் போட்டுவிட மாட்டாள். சொப்பிங் பையில் போட்டுக் கையில் தருவாள். வெறுங்காலோடு இறங்கி, பள்ளிக்கூடத்துக்குக் கீழே பீலியில் கொட்டும் தண்ணீரில் காலைக் கழுவி, அட்டை கடித்திருந்தால் பிய்த்து எறிந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வெள்ளைச் சப்பாத்தைப் போடுவோம். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்த டீச்சர் வரிசையாக நிற்க வைத்துக் காலைப் பார்ப்பார். சேறு இருந்தால் ஒரு பார்வை. அடியைவிட அந்தப் பார்வைக்குத்தான் பயந்தோம். காட்டிலிருந்தும் கொழுந்து மலையிலிருந்தும் எங்களை வெளியே எடுப்பதற்காகத்தான் பள்ளிக்கூடம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே என்னடாவென்றால், பள்ளிக்கூடமே பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் காட்டுக்குள் கூட்டிப் போகிறது.

கவிஷா அந்தக் காட்டுக்குள் ஒட்டவில்லை. சேறு படக் கூடாது, ஈரத்தில் உட்காரக் கூடாது, புதருக்குள் கையை விடக் கூடாது என்று ஏழு வருடங்களாக நான் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவள். மற்றவர்கள் சேற்றில் குழி தோண்டிக் கொண்டிருக்கும்போது இவள் மரக்கட்டையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஒரு நாள் மிஸ் கார்ட்டர் வாசலில் என்னை நிறுத்தி, உங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றால் உதவிக்கு வர முடியுமா, அம்மா பக்கத்தில் இருந்தால் அவளுடைய பயம் தெளியும் என்று கேட்டார். அதற்குப் பொலிஸ் அத்தாட்சி, கையெழுத்து என்று ஒரு மாதம் போனது. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உதவிக்கு வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கும் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நானும் அந்த வேலிக்குள் நுழைந்தேன்.

அங்கே எனக்கு என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அந்தக் காட்டில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். முதியோர் இல்லத்தில் நான் எதைச் செய்தாலும் பட்டியலைப் பார்த்துத்தான் செய்வேன். ஆங்கிலத்தில் யாராவது வேகமாகப் பேசினால் சிரித்துச் சமாளிப்பேன். காட்டுக்குள் போனதும் கை தானாக வேலை செய்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டிய கை இது. தேயிலைச் செடியை வெட்டிய பிறகு கிடக்கும் குச்சிகளைத்தான் நாங்கள் மிலாறு என்போம், லயத்து அடுப்புக்கு அதுதான் விறகு. பிள்ளைகள் சுள்ளியை அள்ளி அள்ளிக் கீழே கொட்டிக் கொண்டிருந்தார்கள். நான் குச்சிகளின் அடி நுனி மாற்றி அடுக்கி, கொடியால் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டி, தலையில் வைத்துக் காட்டினேன். கையை விட்டு நடந்தேன். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. மிஸ் கார்ட்டர் கைதட்டினார். அதற்குப் பிறகு கவிஷா என் கையை விட்டுவிட்டு எழுந்து போய், தானும் ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். விறகுக் கட்டு எந்தப் பிள்ளையின் தலையில் ஏறக் கூடாது என்று நாடு விட்டு நாடு வந்தேனோ, அந்தப் பிள்ளையின் தலையில் அது இருந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

ஜூலை லீவுக்குள் அவள் மாறிப்போனாள். மரத்தில் ஏறி, அம்மா இங்க பாருங்க என்று கூப்பிடுவாள். நகத்துக்குள் மண்ணோடு வந்து சோறு கேட்பாள். அம்மா காட்டுக்குள்ள எல்லாம் தெரிஞ்சவங்க என்று தன் கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். வகுப்பில் அவளுக்கு அது ஒரு மதிப்பு. புலம்பெயர்ந்து வந்த தாய்மாருக்குத் தெரியும், பிள்ளை நம்மைவிட வேகமாக இந்த நாட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள அதற்கு ஒன்றாவது இருக்கிறதே என்ற நினைப்பு எவ்வளவு பெரியது என்று. அந்தக் காடுதான் என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே வகுப்பறை.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. வெயில் நாள். காட்டின் ஓரத்தில் சரிந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் குச்சியால் மண்ணைக் கிளறிக் கொண்டிருந்தார்கள். நான் கவிஷாவுக்கு நாலடி தள்ளி நின்றேன். முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. பானைக்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிற மாதிரி மெல்லிய ஒரு இரைச்சல். அதைக் கேட்டு இருபது வருடங்களுக்கு மேலாகிறது, ஆனால் என் உடம்புக்கு அது நேற்றுக் கேட்டது போல் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை வீறிட்டது. மிஸ் கார்ட்டர் ஓடுங்கள், வட்டத்துக்கு ஓடுங்கள் என்று கத்தினார். பிள்ளைகள் ஓடின. கவிஷாவும் ஓடத் திரும்பினாள். நான் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன்.

"குளவி! ஓடாத, குப்புறப் படு!"

கத்தியது நான்தான். அவளைக் குப்புறப் போட்டு, பச்சை ஜாக்கெட்டைக் கழற்றி அவளுடைய தலையில் மூடி, மேலே நான் படுத்துக்கொண்டேன். எனக்குக் கீழே அவள் திமிறினாள். அசையாதே அசையாதே என்று காதில் சொன்னேன். என் அம்மா எனக்குச் சொன்ன அதே சொல்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில், அம்மா கொழுந்து எடுத்துக் கொண்டிருந்த மலைக்கு நானும் போயிருந்தேன். மலைக்கு மேலே உயரமான யூகலிப்டஸ் மரங்களில் குளவிக் கூடு தொங்கும். உண்மையில் அது பெரிய வகைத் தேனீ என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கொட்டு வாங்குகிறவர்களுக்குப் பேர் எதுவானால் என்ன. பருந்து கூட்டைக் கலைத்ததோ, காற்று அடித்ததோ, மேல் வரிசையிலிருந்து குளவி குளவி என்று சத்தம் வந்தது. அம்மா என்னைக் கானுக்குள் தள்ளினாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டி வைத்திருக்கும் அந்தக் கால்வாய்க்குள். இடுப்பில் கட்டியிருந்த தடித்த சாக்குப் படங்கை அவிழ்த்து எனக்கு மேல் போட்டு, அதற்கு மேல் தான் படுத்தாள். என் வாய்க்குள் மண். முதுகில் அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. என் மேல் ஒரு கொட்டுக்கூட இல்லை. எங்கள் லயத்துச் சரோஜா அத்தை பயந்து ஓடியவர். சரிவில் செடிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்தான் ஓட முடியும், அவரை ரோட்டு வரைக்கும் துரத்திக்கொண்டு போயின. டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போகும்போதே உயிர் போய்விட்டது. அம்மா ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் என் கையைத் தடவிச் சொன்னாள்.

"ஓடுறவளத்தான் அது தொரத்தும். படுத்தவள விட்டுட்டுப் போயிரும். செத்தாலும் இத மறக்காத."

அம்மா இறந்து ஆறு வருடங்களாகிறது. நான் மறக்கவில்லை.

இந்த நாட்டில் குளவி மரத்தில் தொங்குவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இங்கே அது மண்ணுக்குள், எலி விட்டுப்போன வளைக்குள் கூடு கட்டுமாம். பிள்ளைகள் குச்சியால் கிளறியது அந்த வளையின் வாயைத்தான். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டால் அவை திரும்பிப் போய்விடும். நான் என் மகளைக் கூட்டின் வாசலுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்து, எழும்ப விடாமல் அழுத்திப் பிடித்திருந்தேன். மிஸ் கார்ட்டர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார், நான் எழும்பவில்லை. கடைசியில் என் கைக்குள்ளிருந்து பிள்ளையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு ஓடினார். ஓடிய பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒவ்வொரு கொட்டு. கவிஷாவுக்குப் பதினொன்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நெற்றியில், உதட்டில், கையில், வயிற்றில். என் மேல் இருந்ததை நான் எண்ணவில்லை.

அவளுக்கு உயிராபத்து எதுவும் வரவில்லை. சாயந்தரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீங்கிய உதட்டோடு அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மிஸ் ஓடச் சொன்னாங்கல்ல, அம்மா. நீங்க ஏன் என்னைய விடல?"

நான் சரோஜா அத்தையின் கதையைச் சொல்லப் பார்த்தேன். கானைப் பற்றியும் படங்கைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை, மிஸ் கார்ட்டர், குறிப்பெழுத ஒரு பெண். யாரும் கடிந்து பேசவில்லை, தேநீர்கூடக் கொடுத்தார்கள். பிள்ளையை ஏன் கீழே தள்ளினீர்கள், வீட்டிலும் எப்போதாவது தள்ளுவதுண்டா என்று மெதுவாகக் கேட்டார்கள். இல்லை என்றேன். எங்கள் ஊரில் குளவி வந்தால் படுத்துக்கொள்வோம் என்றேன். என் ஆங்கிலத்தில் அதற்கு மேல் வரவில்லை. தலைமை ஆசிரியை தலையை ஆட்டி, உங்கள் கலாசாரத்தை நாங்கள் மதிக்கிறோம் என்றார். அந்தப் பெண்ணும் கலாசாரம் என்றுதான் எழுதிக்கொண்டாள், எழுதும்போது பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. இது பொங்கலும் இல்லை, பொட்டு வைக்கிறதும் இல்லை. உயரத்தில் கூடு இருக்கிற நாட்டில் பிழைத்தவர்களின் அறிவு இது. மலையிலும் சரிவிலும் செத்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. இங்கே கூடு கீழே இருப்பதால் பிழையாகிப் போனது, அவ்வளவுதான். இதையெல்லாம் தமிழில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஆங்கிலத்தில் தேங்க் யூ என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இப்போதைக்குக் காட்டு வேலையிலிருந்து ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பச்சை ஜாக்கெட்டைக் கழுவி மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். அக்கா இன்னும் அதே மலையில்தான் கொழுந்து எடுக்கிறாள். நடந்ததைச் சொல்லி அழுதேன். "நீ செஞ்சது சரிதான்டி" என்றாள். பிறகு, "ஏன்டி, அங்க குளவி மண்ணுக்குள்ளயா இருக்கு? அப்ப எங்கதான் படுக்குறது?" என்று கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டாள். போன மாதம்கூட மேல் டிவிசனில் குளவி கலைந்து, குப்புறப் படுத்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள் என்று சொன்னாள். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இல்லை.

ஒக்டோபரில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை இருந்தது. காட்டில் குளவி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளே எழுதி, படம் வரைந்திருந்தார்கள். விசில் கேட்டால் ஓடு. கையை வீசாதே. வட்டத்துக்கு வந்து பேரைச் சொல். கடைசியில் படுக்காதே என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு படம். மண்ணில் குப்புற ஒரு சின்ன உருவம், அதன் மேல் பச்சைச் சட்டையில் நீளக் கூந்தலோடு ஒரு பெரிய உருவம், இரண்டுக்கும் மேலாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே மூலையில் கவிஷா என்று எழுதியிருந்தது. எழுத்து அழகாகியிருக்கிறது, என்ன முன்னேற்றம் பாருங்கள் என்று வகுப்பாசிரியை காட்டினார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் லீவுக்குக் கந்தப்பளைக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம். மூன்று வாரம் அக்கா வீட்டில்தான் இருப்போம். லயத்துக்குப் பின்னாலேயே மலை, மலைக்கு மேலே அந்த மரங்கள். கவிஷா அங்கே நாள் முழுவதும் வெளியேதான் நிற்பாள், இப்போது அவளுக்கு மண்ணுக்கும் மரத்துக்கும் பயமில்லை. அதுதான் எனக்குப் பயம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்துக் கம்பளத்தில் அவளைப் படுக்க வைத்துப் பழக்கிப் பார்த்தேன். குப்புறப் படு, முகத்தை மண்ணில் வை, கையைப் பிடரியில் கோத்துக்கொள். எனக்காக அவள் பேசாமல் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கம்பளத்தில் முகத்தை வைத்தபடியே கேட்டாள்.

"இங்கன்னா ஓடணும், அங்கன்னா படுக்கணும். பயத்துல எந்த ஊர்ல இருக்கோம்னு மறந்து போச்சுன்னா?"

மறக்காது, நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன். நீங்கதானே மறந்தீங்க என்று அவள் சொல்லவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் வேலை எடுத்துக்கொள்கிறேன். பஸ் பிடிக்கக் காட்டு வேலியோரம் போகும் பாதையால் நடக்க வேண்டும். நேற்று அப்படிப் போகும்போது உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வேலிப் பலகைகளின் இடைவெளியில் பார்த்தேன். கவிஷா மரத்தடியில் குச்சி அடுக்கிக் கொண்டிருந்தாள். அடி நுனி மாற்றித்தான் அடுக்கினாள், நான் காட்டியது போலவே. அந்த நேரத்தில் மிஸ் கார்ட்டர் விசில் அடித்தார். பழக்குவதற்காக அடித்த விசில்தான், குளவி கிளவி ஒன்றும் இல்லை. குச்சிகளைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் என் பிள்ளை ஓடினாள். நல்ல வேகம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடு, ஓடு மகளே என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் பார்த்தேன். ஈரப் பாதையில் நான் முழங்காலிட்டிருந்தேன், என் இரண்டு கைகளும் பிடரியில் கோத்திருந்தன.